மூடிய பட்டறையும் தட்டிய குருவியும்

(கும்பகோணத்தில், மார்ச் 20 சிட்டுக்குருவி நாள் கூட்டத்தில் பேசியது)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, இந்தக் கூடத்தைத் திறந்துவிட்ட நூலகர் அவர்களே, தேர்வு நேரத்திலும் பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, எங்கள் தெருப் பெரியவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். உறுப்பினர் அவர்கள் இன்னொரு கூட்டத்தை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக நன்றி. கடைசியில் அவர்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

மூன்று விஷயம் பேச வந்தேன். ஊரடங்கில் நம் ஊரில் பார்த்த பறவைகள், பறவைப் பட்டியல் எழுதுவது எப்படி, சிட்டுக்குருவிக்குக் கூடு வைப்பது எப்படி.

2020 மார்ச் 25. நாடே கதவைச் சாத்திக்கொண்டது. மகாமகக் குளத்தைச் சுற்றி ஒரு வண்டி இல்லை. பாத்திரப் பட்டறைகளும் மூடியாயிற்று. நாலாம் நாள் காலை மொட்டை மாடியில் துணி உலர்த்துகிறேன், 'டொக், டொக், டொக்' என்று பித்தளை தட்டுகிற சத்தம். பக்கத்து வீட்டு மாமா நாற்பது வருஷம் பட்டறையில் சுத்தியல் பிடித்தவர். "எவனோ திருட்டுத்தனமாப் பட்டறையைத் திறந்துட்டான் தம்பி, போலீஸ் வந்தா வம்பு" என்றார். அப்புறம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஒரே அளவுல தட்டுறானே, கை வலிக்காதா இவனுக்கு?" என்றார்.

மறுநாளும் அதே. மூன்றாம் நாள் முகக்கவசம் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு ஓரமாகச் சத்தத்தைத் தேடிப் போனோம். கிழக்கே கேட்கிறது, போனால் மேற்கே கேட்கிறது. கடைசியில் தெருக்கோடிக் குளத்தங்கரை. அங்கே பழைய அரசமரம், உச்சியில் ஒரு காய்ந்த கொம்பு, நுனியில் கைக்குள் அடங்குகிற பச்சைக் குருவி. நெற்றியில் குங்குமம் இட்டாற்போல் சிவப்பு, மஞ்சள் தொண்டை, மார்பில் ஒரு சிவப்புப் பட்டை. அலகைத் திறக்கவே இல்லை. தொண்டை புடைத்து அடங்குகிறது, ஒவ்வொரு புடைப்புக்கும் ஒரு 'டொக்'. தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே கூவுகிறது. எங்களைத் தெருத்தெருவாக அலையவிட்டது அதுதான். செம்மார்புக் குக்குறுவான் என்று பெயர். மாமா அண்ணாந்தபடியே நின்றார். "நாற்பது வருஷமா நம்ம சத்தத்துல இது சத்தம் கேக்கல பாரு" என்றார். கண் கலங்கியிருந்தது.

குளத்தோடு கோபித்துக்கொண்டு கால் கழுவாமல் போனானாம் என்பார்கள். வீட்டுக்குக் குழாய் வந்ததும் நாமும் குளத்துக்கு முதுகைக் காட்டிவிட்டோம். அன்று முதல் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், பார்த்த பறவைகளை எழுத ஆரம்பித்தேன். தாழைக்கோழி, முக்குளிப்பான், செண்பகம், மாம்பழச்சிட்டு. காவிரி மணலாய்க் கிடந்த சித்திரை அது. மேட்டூர் திறந்ததே ஜூன் 12இல்தான். அதுவரை அத்தனை உயிரும் அந்தக் குளத்தை நம்பி இருந்தன. வடுவூர் ஏரி 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, நமக்கெல்லாம் பெருமை. அந்த ஏரிப் பறவைக்கு இருக்கிற காவல் தெருக்குளத்து மீன்கொத்திக்கு யார் கொடுப்பது?

தாய்மார்களே, வெண்மார்பு மீன்கொத்தி செங்குத்தான மண்கரையைக் குடைந்து, வளைக்குள்தான் முட்டையிடும். சுற்றிலும் சிமென்ட் சுவர் எழுப்பினால் எங்கே குடையும்? குக்குறுவான் காய்ந்த கொம்பில் பொந்து போடும். பார்க்க அசிங்கம் என்று நாம் வெட்டுவது அதன் பிரசவ அறையை. பக்கத்துத் தெருக் குளத்துக்குக் கரை கட்டினார்கள். நடைபாதை, விளக்கு, பெஞ்சு எல்லாம் வந்தது, மீன்கொத்தியைக் காணோம். குளத்தோடு கோபித்துக்கொண்டவனாவது குளத்தை விட்டுவைத்தான்!

தலைவர் மணியைப் பார்க்கிறார். பட்டியல் எழுதுவதை இன்னொரு நாள் சொல்கிறேன், கூடு வைப்பதை ஆசிரியை அம்மா சொல்வார்கள். உறுப்பினர் அவர்களே, எங்கள் குளத்தைத் தூர் வாருங்கள், வரத்து வாய்க்காலைத் திறந்துவிடுங்கள். தென்கரையை மட்டும் மண்ணாகவே விடுங்கள். அரசமரத்தின் அந்தக் காய்ந்த கொம்பைத் தொடவேண்டாம். மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து மாமாவுடையது.