கிரவுனில் எத்தனை பல்?

நேயர்களுக்கு வணக்கம். நாமக்கல் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் லாரிப் பட்டறை நடத்தியவன் நான். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். நான் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதோடு சரி.

அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒரு நாள் பழைய டாரஸ், அதாவது பத்து சக்கர லாரி வைத்திருக்கும் ஒருவர் வந்தார். முகமே சரியில்லை. "அண்ணே, மைலேஜுக்குன்னு வெளியூர்ல கிரவுன் மாத்தினேன். லிட்டருக்கு 4.2 கிலோமீட்டர் கொடுத்துக்கிட்டிருந்த வண்டி இப்ப 3.7 கூட வரலை. பழைய செட்டையே திரும்பப் போட்டுடுங்க" என்றார். அவருக்கு என்ன ஆயிற்று என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் இந்தக் கிரவுன் விஷயத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

லாரியின் பின்பக்கம் குனிந்து பார்த்தால், நடுவில் பானை மாதிரி உப்பலாக ஒன்று தெரியும். அதுதான் ஹவுசிங். கியர்பாக்ஸிலிருந்து வரும் நீளமான ஷாஃப்ட் அதற்குள் போய் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரத்தைச் சுழற்றும். பினியன், கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும். கிரவுனில் 41 பல், பினியனில் 7 பல் என்றால் 41ஐ 7ஆல் வகுங்கள், 5.86 வரும். டயர் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 5.86 சுற்று சுற்றியாக வேண்டும். ரேஷியோ என்று சொல்வது இதைத்தான். எண் பெரிதானால் இழுவை கூடும், எண் சிறிதானால் ஓட்டம் கூடும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வாங்கியவர்களையும் எனக்குத் தெரியும்.

இனி ஒரு கணக்கு. பயப்படாதீர்கள், மனக்கணக்குதான். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி நிமிடத்துக்கு 1,000 மீட்டர் போகிறது. 10.00-20 அளவு டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3.2 மீட்டர் உருளும். ஆக நிமிடத்துக்கு 312 சுற்று. டாப் கியர் நேர் கியராக, அதாவது என்ஜினும் ஷாஃப்டும் ஒரே அளவு சுற்றுவதாக இருந்தால், இதை ரேஷியோவால் பெருக்கினால் என்ஜின் சுற்று வந்துவிடும். 41க்கு 6 பல், அதாவது 6.83 போட்ட வண்டியில் 2,130. 5.86 என்றால் 1,830. 39க்கு 8 பல், அதாவது 4.88 என்றால் 1,520. சாலை அதே, வேகமும் அதே. என்ஜின் மட்டும் ஒன்றில் கத்துகிறது, இன்னொன்றில் அமைதியாக ஓடுகிறது. சில ஆறு கியர் பெட்டிகளில் டாப் கியரின் ரேஷியோ ஒன்றுக்கும் கீழே இருக்கும். அந்த எண்ணாலும் ஒரு முறை பெருக்கிக்கொள்ளுங்கள்.

சுற்று குறைந்தால் டீசல் ஏன் மிச்சமாகிறது? என்ஜின் சும்மா சுற்றுவதற்கே டீசல் வேண்டும். ரிங் உராய்வு, பேரிங் உராய்வு, ஆயில் பம்பு, வாட்டர் பம்பு, காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளுவது, எல்லாமே தண்டச் செலவு. வேகமாகச் சுற்றச் சுற்ற இந்தச் செலவு ஏறும். அதே வேலையைக் குறைந்த சுற்றில், ஒவ்வொரு அடியையும் அழுத்தமாக அடித்துச் செய்தால் ஒரு பங்கு மிஞ்சும். 100 சுற்று குறைந்தால் 1 முதல் ஒன்றரை சதவீதம் என்பது தொழிலில் புழங்கும் கைக்கணக்கு. 5.86லிருந்து 4.88க்கு வந்தால் 60 கிலோமீட்டர் வேகத்தில் 300 சுற்று குறைகிறது. 3 முதல் 4.5 சதவீதம் கிடைக்கலாம். 4.2 கொடுத்த வண்டி நல்லபடியாக அமைந்தால் 4.4 கொடுக்கும். மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடினால் 87 லிட்டர் மிச்சம். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டாலே எட்டாயிரம் ரூபாய். டயர் தவணைக்கு ஆகும்.

அப்படியானால் எல்லோரும் சின்ன எண்ணுக்கே மாறிவிட வேண்டியதுதானே என்றால், அங்கேதான் சிக்கல். அமெரிக்க நெடுஞ்சாலை லாரிகள் 2.5க்கும் கீழே போய்விட்டன. அந்த என்ஜின் வேறு, கியர்பாக்ஸ் வேறு, சாலையும் வேறு. நம் ஊரில் 2018ல் ஒரு அச்சுக்கு அனுமதித்த சுமை வரம்பை உயர்த்தியபோது, 25 டன்னாக இருந்த பத்து சக்கர வண்டியின் மொத்த எடை 28.5 டன் ஆனது. பழைய வண்டியின் கிரவுன் பழைய எடைக்குப் பார்த்துப் போட்டது. அதில் சின்ன எண்ணைப் போட்டு முழு லோடும் ஏற்றினால் டாப் கியர் நிற்காது. மேம்பாலம் ஒவ்வொன்றிலும் டிரைவர் ஒரு கியர் இறக்குவார். ஆறு கியர் வண்டி நாள் முழுக்க ஐந்தாவது கியரிலேயே ஓடினால், ஹவுசிங்கில் மிச்சம் பிடித்ததை கியர்பாக்ஸ் வாங்கிக்கொள்ளும். கிளட்ச் தேய்வது தனிக் கணக்கு.

அதனால் என்னிடம் ரேஷியோ கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: உங்கள் வண்டி எங்கே ஓடுகிறது, அங்கே டாப் கியரில் எவ்வளவு நேரம் நிற்கிறது, அப்போது என்ஜின் சுற்றைக் காட்டும் முள் எந்த எண்ணில் இருக்கிறது? கேஸ் டேங்கர் வைத்திருக்கிறீர்கள், போகும்போது லோடு, வரும்போது காலி, நான்கு வழிச்சாலையிலேயே ஓட்டம், முள் 1,800ல் நிற்கிறது என்றால் சின்ன எண் உங்களுக்குத்தான். திருச்செங்கோட்டு ரிக் வண்டி, அதாவது போர் போடும் வண்டி வைத்திருப்பவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். உழுத காட்டுக்குள் இறங்கி ஏறுகிற வண்டிக்கு இழுவைதான் சோறு போடும். குவாரி டிப்பரும் அப்படியே. புது பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) என்ஜின்கள் பெரும்பாலும் 1,000 முதல் 1,600 சுற்றுக்குள்ளேயே நல்ல இழுவை கொடுப்பதால், பழைய வண்டிக்கு ஆகாத எண் இவற்றுக்கு ஆகும். ஆனால் அதைப் புது வண்டி எடுக்கும்போதே ஷோரூமில் கேட்டு வாங்குங்கள். பிற்பாடு மாற்றினால் வாரண்டி, கம்ப்யூட்டர் செட்டிங் என்று நூறு தொல்லை.

சரி, அந்த டாரஸ்காரர். வண்டியை எடுத்துக்கொண்டு பைபாஸுக்குப் போனோம். சாலையோர கிலோமீட்டர் கல்லை நான் எண்ணினேன், அவர் மீட்டரைப் பார்த்தார். 30 கல் தாண்டியும் மீட்டர் 25தான் ஓடியிருந்தது! அந்த வண்டியின் மீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது. ஷாஃப்ட் குறைவாகச் சுற்றியதால் மீட்டரும் குறைவாக எண்ணியிருக்கிறது. 3.7 கூட வராத வண்டி உண்மையில் 4.4 கொடுத்துக்கொண்டிருந்தது. மனுஷன் அதைக் கழற்றிப் போடப் பணத்தோடு வந்திருந்தார். இதைவிட மோசம் வேகம். மீட்டரில் 60 பார்த்து டிரைவர் ஓட்டியது நிஜத்தில் 72. வேகம் கூடினால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும். அவருக்குக் கிடைக்க வேண்டியதில் ஒரு பங்கை அதுவே தின்றிருக்கும். மீட்டரைச் சரி செய்து அனுப்பினோம்.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு ஒரு சின்ன வேலை. ஹவுசிங்கைப் பிரிக்காமலே ரேஷியோ பார்க்கலாம். சமதரையில் மற்ற சக்கரங்களுக்கு நன்றாகக் கட்டை கொடுத்து, பின்னால் ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுங்கள். டயரிலும் ஷாஃப்டிலும் சாக்பீஸில் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. ஏன் இரண்டு சுற்று என்றால், மறுபக்கச் சக்கரம் தரையில் நிற்பதால் கிரவுன் பாதிதான் சுற்றும். ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டு "என் வண்டி ரேஷியோ 2.9" என்று வந்து நின்றவர் உண்டு. அப்புறம், கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்து எடுத்த பொருள். இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஹவுசிங் ஊளையிடும்.

கடைசியாக, தொப்பூர் இறக்கம். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்குபவர்களுக்கு அது தெரியும். சின்ன எண் போட்ட வண்டியில் அதே கியரில் என்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் எக்ஸாஸ்ட் பிரேக்கின் (புகைக்குழாயை அடைத்து என்ஜினாலேயே வண்டியைப் பிடிப்பது) பிடிப்பும் குறையும். முன்பு நான்காவதில் இறங்கியவர் இப்போது மூன்றாவதில் இறங்க வேண்டும். மைலேஜுக்காக நியூட்ரலில் விடுகிறேன் என்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பம்பு டீசலை நிறுத்திவிடும்; சக்கரம்தான் என்ஜினைச் சுழற்றுகிறது. நியூட்ரலில் விட்டால்தான் என்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடிக்கிறது. வணக்கம்.