நொய்யல்: சாக்கடைக்கு ஒரு கணக்கு, உப்புக்கு வேறு கணக்கு

[காட்சி: ஒரத்துப்பாளையம் அணையின் மதகுகள்]

திருப்பூரைத் தாண்டி, நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1990களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் இடமாகிவிட்டதால், தண்ணீர் கேட்டுப் போராட வேண்டிய ஆயக்கட்டு விவசாயிகளே மதகைத் திறக்க வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது.

கைவசம் பணம் குறைவாக இருக்கும்போது ஓர் ஆற்றை எங்கிருந்து சுத்தப்படுத்தத் தொடங்குவது?

[வரைபடம்: ஸ்லோவாக்கியாவின் நித்ரா ஆறு]

பொதுவுடைமை ஆட்சி முடிந்து பொருளாதாரம் மாறிக்கொண்டிருந்த 1990களில், நித்ரா படுகைக்கு ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டனர். எல்லா ஊர்களிலும் ஒரே சமயத்தில் உயர்தர சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதைவிட, ஆற்றில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் மிகவும் குறையும் பகுதிகளைக் கண்டறிந்து, அதற்குக் காரணமான ஊர்களின் கழிவை முதலில் சுத்திகரித்தால் செலவு வெகுவாகக் குறையும் என்பது அதில் தெரிந்தது. சாக்கடைக் கழிவை நுண்ணுயிர்கள் சிதைப்பதால், கழிவு எந்த இடத்தில் கலக்கிறது என்பதைப் பொறுத்து ஆற்றுக்கு நேரும் கேடு கூடும், குறையும். நொய்யலில் கலக்கும் கோவையின் சாக்கடைக்கு இந்த வழி பொருந்தும்.

திருப்பூரின் உப்புக்கு இது பொருந்தாது.

[காட்சி: சாயப்பட்டறை, சாயத்தொட்டி அருகே உப்பு மூட்டைகள்]

பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்காகத் தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள். துணி சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். உப்பு ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு வெளியேறிவிடும். தொடக்ககாலப் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் சேர்த்து நிறத்தைக் குறைத்தனவே தவிர, உப்பை எடுக்கவில்லை. தெளிவாகத் தெரிந்த அந்த நீர்தான் கிணறுகளைக் கெடுத்தது. கழிவுநீரில் உப்பு உள்ளிட்ட கரைந்த திடப்பொருளுக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்பு காகிதத்தில்தான் இருந்தது.

விவசாயிகள் தொடுத்த வழக்கின் நீட்சியாக, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு மாறியவர்களே மீண்டும் இயங்க முடிந்தது. கடுமையான, செலவு மிகுந்த விதிதான். ஆனாலும் ஆற்றில் தானாகச் சிதையாத ஒரு பொருளுக்குப் பிறப்பிடத்திலேயே தடுப்பதுதான் கடைசியில் மலிவு என்பது என் கருத்து. சவ்வூடு வடிகட்டி பெரும்பகுதி நீரை மீட்கிறது. எஞ்சும் உப்புக் கரைசலைச் சாயத்தொட்டிக்கே திருப்பி அனுப்பினால், உப்பு வாங்கும் செலவில் ஒரு பங்கு மிச்சமாகிறது. அப்படித் திருப்பி அனுப்ப முடியாத கரைசலை ஆவியாக்கக் கொதிகலனுக்கு எரிபொருள் வேண்டும். மறுபடி பயன்படாத கலப்பு உப்பு கொட்டகைகளில் மூட்டைமூட்டையாகக் குவிகிறது. இந்தச் செலவைச் சிறு பட்டறைகள் தனியாகச் சுமக்க முடியாது என்பதால்தான் பொது நிலையங்களும் அரசின் வட்டியில்லாக் கடனும் தேவைப்பட்டன.

[காட்சி: ஓடை நீரில் மின்கடத்துத்திறன் மானி]

கண்காணிப்புக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. உப்பு கூடினால் நீரின் மின்கடத்துத்திறன் கூடும். கையடக்க மானி அதை நொடிகளில் காட்டிவிடும். இரவில் திறந்துவிடும் கழிவைப் பிடிக்க, மானியுடன் ஓடையின் மேல்நோக்கி நடந்தால் போதும்: அளவு சட்டென்று இறங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் அந்தக் குழாய் இருக்கும்.