ஒரே இடத்தில் வந்த சொல்லுக்கு அகராதியில் இடம் உண்டா?

வணக்கம். எடுத்த எடுப்பிலேயே ஒரு கிரேக்கச் சொல்லைச் சொல்லிவிடுகிறேன்: எபியூசியோஸ். மத்தேயு, லூக்கா இரண்டு நற்செய்திகளிலும், இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில், உணவுக்கு அடைமொழியாக வருகிறது. அந்த ஜெபத்தையும் அதை எடுத்துப் பேசுகிறவர்களையும் விட்டுவிட்டால் பழைய கிரேக்கத்தில் வேறெங்கும் இது உறுதியாக அகப்படவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞர் ஒரிஜென், கிரேக்கத்திலேயே பேசி எழுதி வளர்ந்தவர், அவரே சொல்கிறார்: அறிஞர்கள் யாரும் இதைக் கையாளவில்லை, சாதாரண ஜனங்கள் பேச்சிலும் இல்லை, நற்செய்தி எழுதியவர்களே உண்டாக்கியது போலிருக்கிறது என்று.

அப்படியானால் அகராதியில் சேர்க்கலாமா? எத்தனை தடவை வந்தது என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்வது இன்று பேசுகிற மொழிக்குச் சரி. பழைய கிரேக்கத்துக்கு அது ஆகாது என்பது என் கட்சி. எரிந்தது, மட்கியது, யாரும் படியெடுக்காமல் விட்டது எல்லாம் போக மிஞ்சியதுதான் நம் கையில் இருக்கிறது. அதில் ஒருமுறை வந்த சொல், அந்தக் காலத்தில் கடைத்தெருவில் தினமும் புழங்கியதாகவும் இருக்கலாம், ஒரு கவிஞர் ஒரு சிரிப்புக்காகக் கட்டியதாகவும் இருக்கலாம். எண்ணிக்கை இதைப் பிரித்துச் சொல்லாது. பழைய கிரேக்க நகைச்சுவை நாடகக் கவிஞர் அரிஸ்டோஃபனிஸ் எழுதிய நாடகம் ஒன்றின் கடைசியில் மீன், பறவை, குழம்பு என்று எல்லாவற்றையும் ஒட்டி, 170 எழுத்துகளை ஒட்டிய நீளத்தில் ஒரு பதார்த்தத்தின் பெயர் வரும். ஒரே இடம்தான், ஆனாலும் லிடெல், ஸ்காட் என்கிற பெரிய கிரேக்க-ஆங்கில அகராதியில் அதற்குப் பதிவு உண்டு. நாடகத்தைப் படிக்கிறவர் அந்த வரியில் முட்டிக்கொண்டு நிற்பார் அல்லவா, அவருக்காகத்தான் அகராதி.

ஆகவே எபியூசியோஸ் உள்ளே வரட்டும், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. பொருள் என்ன போடுவது என்பதில்தான் சிக்கல். ‘ஊசியா’ என்றால் இருப்பு, உள்பொருள். அதிலிருந்து வந்ததாகக் கொண்டால் வாழ்வுக்கு வேண்டிய உணவு. ‘எபியூசா’ என்றால் வருகிற நாள், இது அப்போஸ்தலர் நடபடிகளிலேயே இருக்கிறது. அதிலிருந்து என்றால் நாளைய உணவு. பழங்காலக் கிறிஸ்தவ அறிஞர் ஜெரோம் பைபிளை லத்தீனில் பெயர்த்தபோது லூக்காவில் ‘அன்றாடம்’ என்றார், மத்தேயுவில் அதே சொல்லை ‘உள்பொருளுக்கு மேம்பட்ட’ என்றார். தமிழிலும் பாருங்கள், கத்தோலிக்கர் ஜெபத்தில் ‘அனுதின உணவு’, பழைய பைபிளில் ‘வேண்டிய ஆகாரம்’. ஒரே சொல்தான் இப்படி இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இதில் ஒன்றை மட்டும் அகராதிக்காரர் போட்டால் அவர் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம்.

அப்புறம் இந்தச் சொல்லைப் பற்றி ஒரு பாப்பிரஸ் கதை, பாப்பிரஸ் என்றால் அந்தக் காலத்து நாணல் தாள். எகிப்தில் ஹவாராவில் கிடைத்த ஒரு வீட்டுச் செலவுக் கணக்கை சேய்ஸ் என்ற அறிஞர் படியெடுத்தார், 1889இல் அச்சானது. அதில் ஒரு வரியில் ‘எபியூசி’ என்று ஆரம்பித்து மீதி அழிந்த ஒரு சொல். பைபிளுக்கு வெளியே சாட்சி கிடைத்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம், லிடெல், ஸ்காட் அகராதியின் பிந்திய பதிப்பும் அதைச் சுட்டியது. ஆனால் மூலத்தாள் எங்கே போனது என்று பல காலம் தெரியவில்லை, யாரும் சரிபார்க்கவும் முடியவில்லை. பிறகு அது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் அகப்பட்டது. இரண்டு அறிஞர்கள் அந்த வரியைப் புதிதாக வாசித்து 1999இல் வெளியிட்டார்கள்: அது எபியூசியோஸ் இல்லை, எலாயு. எண்ணெய்! வீட்டுக்கு எண்ணெய் வாங்கிய செலவு, அவ்வளவுதான்.

நூறு வருஷத்துக்கு மேல் ஒருவருடைய வாசிப்பையே நம்பியிருந்தோம் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தம் வருகிறது. என்னைப் பதிவு எழுதச் சொன்னால் இரண்டு பொருளையும் போட்டு, சாட்சி இந்த ஜெபம் ஒன்றே என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன். அந்தச் செலவுக் கணக்கையும் சத்தமில்லாமல் நீக்கமாட்டேன். முன்பு இப்படி வாசித்தார்கள், இப்போது ‘எண்ணெய்’ என்று ஒரு வரி இருக்க வேண்டும். பழைய பதிப்புகள் இன்னும் நூலகங்களில் இருக்கின்றனவே, அதைப் பார்த்துவிட்டு ஒரு மாணவர் அந்தப் பாப்பிரஸைத் தேடிக்கொண்டு வருவார்.