முட்டை ஒன்றுபோல, புழு வேறு

[காட்சி: படுவான்கரை வயல்வெளி. ஆடும் மாடும் ஒன்றாக மேய்கின்றன.]

மாரி முடியும் நேரம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே ஆடு வளர்ப்பவர்களுக்குப் புழுக்கவலை தொடங்கிவிடும். ஆடு சோர்ந்து படுக்கும். கண்ணிமையைத் திருப்பிப் பார்த்தால் வெளிறியிருக்கும், தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கும். உடனே பூச்சி மருந்து கொடுக்கிறோம். சில ஆடுகள் தேறும், சில தேறாது.

[காட்சி: நுணுக்குக்காட்டியில் நீள்வட்ட முட்டைகள்.]

புழுக்கையைக் கரைத்துப் பார்த்தால் தெரிவது இதுதான். ஆட்டின் வயிற்றிலும் குடலிலும் வாழும் புழுக்களில் இது ஹீமோங்கஸா, டிரைகோஸ்ட்ரோங்கிலஸா? முட்டையை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்வது பழகிய கண்ணுக்கும் கடினம். ஆனால் ஹீமோங்கஸ் இரத்தம் குடிக்கிற புழு. ஒன்று நாளுக்குச் சுமார் 0.05 மில்லிலீற்றர் குடிக்கும். ஆயிரம் புழு என்றால் 50 மில்லிலீற்றர்; ஒரு குட்டி எத்தனை நாள் தாங்கும்? மற்றது இரத்தம் குடிப்பதில்லை, குடற்சுவரைக் கெடுத்துக் கழிச்சலைக் கொடுக்கும். குளோசன்டெல் மருந்து இரத்தம் குடிக்கும் புழுவில்தான் வேலை செய்யும். அதனால்தான் புழுவின் பெயர் தெரிய வேண்டும்.

முட்டையைக் குடம்பியாக வளர்த்துப் பார்க்கும் பழைய முறைக்கு ஒரு வாரமாவது வேண்டும்.

[காட்சி: டி.என்.ஏ. இழை, மூன்று எழுத்துகள் ஒளிர்கின்றன.]

சரி, டி.என்.ஏ. பரிசோதனை என்ன செய்கிறது? டி.என்.ஏ. என்பது எழுத்துகள் கோத்த நீண்ட இழை மாதிரி. புழுவின் டி.என்.ஏ.வில் ஐ.டி.எஸ்.-2 என்றொரு துண்டு இருக்கிறது. அது இனத்துக்கு இனம் வேறுபடும். ஆட்டின் ஹீமோங்கஸ் கொன்டோர்ட்டசுக்கும் மாட்டின் ஹீமோங்கஸ் பிளாசைக்கும் அந்தத் துண்டில் 231 எழுத்துகள். வேறுபடுவது 3 மட்டும். ஆடும் மாடும் ஒரே வயலில் மேயும் நம் ஊரில் இந்த மூன்று எழுத்து பெரிய விஷயம். டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் பி.சி.ஆர். முறை அந்தத் துண்டை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கும். கணக்குப்படி 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். அப்புறம் எழுத்தை வாசித்துவிடலாம்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. புழுவின் பீட்டா டியூபுலின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினாலே அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்து அதைக் கொல்லாமல் போகலாம். அந்த மாற்றத்தையும் டி.என்.ஏ. பரிசோதனை காட்டும்.

ஆனால் புழுச்சுமை எவ்வளவு என்று அறிய முட்டை எண்ணிக்கையும் வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் மருந்தை முடிவு செய்ய வேண்டும்.

[காட்சி: கையுறை அணிந்த கை, சிறு போத்தல்.]

புழுக்கையை நிலத்தில் பொறுக்காதீர்கள். ஆட்டிடமிருந்தே நேரடியாக எடுங்கள். ஐஸ் பெட்டியில் வையுங்கள், நம் வெக்கையில் ஒரு நாளுக்குள் முட்டை பொரித்துவிடும். கடைசியாக எந்த மருந்தை, எப்போது கொடுத்தீர்கள் என்று எழுதி மிருக வைத்தியரிடம் சேர்த்துக் கொடுங்கள்.