இரைச்சல் என்று எழுதுவதற்கு முன்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ராக் இசையின் கனத்த வடிவமான ஹெவி மெட்டலில் வந்த ஆல்பம் ஒன்றுக்கு எழுதப்பட்ட மதிப்புரையை அண்மையில் படித்தேன். பாடகர் கத்துகிறார், கிதார்கள் இரைகின்றன, பாட்டுகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன என்பதற்கு மேல் அதில் ஒரு செய்தியும் இல்லை. அந்த விமர்சகருக்கு மெட்டல் பிடிக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் கிடையாது. பிடிக்காமல் போக அவருக்கு முழு உரிமை உண்டு. காதில் விழுந்தது இன்னதென்று ஒரு வரிகூடச் சொல்லாமல், தீர்ப்பை மட்டும் எழுதிவிட்டு அதற்கு விமர்சனம் என்று பெயர் வைத்துக்கொள்கிறாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவர் ஒரே சொல்லில் ஒதுக்கிய அந்த ஒலிக்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த கிதார் கலைஞர் டோனி ஐயோமி 1965-இல், தம் 17-ஆம் வயதில், உலோகத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கம் உடையவர் ஆதலால், கிதாரின் தந்திகளை அழுத்த வேண்டிய கை அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கித் தாமே விரலுறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். 1971-இல் வெளிவந்த, அவருடைய பிளாக் சப்பாத் குழுவின் மூன்றாம் ஆல்பத்தில் சில பாடல்களுக்குச் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். தளர்ந்த தந்தி விரலுக்கு இதமாயிற்று, ஒலியும் கனத்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் முதல் பாடலோ, ஷட்ஜத்துக்கும் பிரதிமத்தியமத்துக்கும் இடையிலான, காதை நிம்மதியாக இருக்கவிடாத தூரத்தையே மையமாகக் கொண்டு நகர்கிறது. அந்த இருண்ட தொனி தற்செயலாக வந்ததன்று.

கத்தல் என்கிறார். ராப் ஹால்ஃபோர்ட், ரோனி ஜேம்ஸ் டியோ போன்ற பாடகர்கள் கணீரென்று பாடியதும் இதே மெட்டல்தான். உறுமும் குரலை எடுத்துக்கொண்டாலும், குரல்நாண்களுக்குச் சற்று மேலேயுள்ள போலிக் குரல்நாண்களை அதிரவைத்து, மூச்சைக் கட்டுப்படுத்திப் பழகினாலன்றி அதைக் கச்சேரி முழுதும் நீடிக்க இயலாது.

எல்லாம் ஒன்றுபோல் இருக்கிறதாம்! ஸ்லேயர் குழுவின் 1986-ஆம் ஆண்டு ஆல்பத்தில் பத்துப் பாடல்களும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. ஸ்லீப் குழுவின் 'டோப்ஸ்மோக்கர்' என்ற ஒரே பாடல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஊர்ந்து செல்கிறது. ஸ்வீடனின் மெஷுகா குழுவில் சிம்பல் நான்கு எண்ணிக்கைத் தாளத்தை விடாமல் பிடித்திருக்க, கிதாரும் பேஸ் ட்ரம்மும் வேறொரு நீளமுள்ள சுழற்சியை அதன்மேல் ஓட்டுகின்றன. லயத்தைக் கவனிக்கப் பழகிய காது இதைத் தவறவிடாது.

பாடல் வரிகளைப் பற்றிய அறியாமை இன்னும் விபரீதமானது. 1985 செப்டம்பரில் அமெரிக்க செனட் குழு, பாடல்களின் உள்ளடக்கத்தைப் பற்றி விசாரணை நடத்தியது. ட்விஸ்டட் சிஸ்டர் என்ற மெட்டல் குழுவின் ஒரு பாடலில் பாலியல் வன்முறை இருப்பதாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்தது. அதை எழுதிய டீ ஸ்னைடர் நேரில் சென்று, தம் குழுவின் கிதார் கலைஞருக்கு நடந்த தொண்டை அறுவை சிகிச்சையையும் அதைப் பற்றிய அச்சத்தையும் வைத்தே அப்பாடல் பிறந்தது என்று விளக்க வேண்டியிருந்தது. குற்றம் சாட்டியவர்கள் கேட்டது தங்கள் மனத்தில் முன்பே இருந்த பாட்டை.

மெட்டல் ரசிகர்களுக்குக் குறை சொன்னால் பிடிக்காது என்று ஒரு பேச்சு உண்டு. மெட்டாலிக்கா குழுவின் 'டெத் மேக்னெடிக்' ஆல்பம் 2008-இல் வெளிவந்தபோது நடந்ததை அப்படிப் பேசுபவர்கள் விசாரித்துப் பார்க்கலாம். பல மதிப்புரைகள் அந்த ஆல்பத்தைப் பாராட்டின. ரசிகர்களோ, எல்லாம் உரத்துக் கேட்கவேண்டும் என்று ஒலியின் ஏற்றத்தாழ்வை அளவுக்கு மீறி அழுத்தியதால் ட்ரம்ஸ் சிதைந்து ஒலிக்கிறது என்று கண்டுபிடித்து, கிதார் ஹீரோ என்ற வீடியோ கேமில் இருந்த அதே பாடல்களின் அழுத்தம் குறைந்த பதிவோடு ஒப்பிட்டு, ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்து வெளியிடுமாறு கையெழுத்துத் திரட்டினார்கள். தாங்கள் நேசித்த குழுவின் மீதே அவர்கள் வைத்த குற்றச்சாட்டு அது. ஒவ்வொரு சொல்லுக்கும் அவர்களிடம் ஆதாரம் இருந்தது. நம் விமர்சகரும் அந்த அளவுக்குக் கேட்டுவிட்டு, ஆல்பம் படுமோசம் என்றே எழுதட்டும். மறுப்பு எழுத நான் உட்காருவேன், ஆனால் அவர் எழுதியதை இரண்டு முறை படித்த பிறகு.