நீந்திப் போன மீன் பிழைத்ததா?

நேயர்களுக்கு வணக்கம். நீலகிரியில் அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்கள் பக்கம் தூண்டில் போடுகிறவர்களில் சிலர், சிக்கிய ட்ரவுட் மீனை முள்ளைக் கழற்றித் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். கை தளர்ந்ததும் மீன் வாலை ஒரு வெட்டு வெட்டி ஆழத்தில் மறைகிறது. பிழைத்துக்கொண்டது என்று மனம் ஆறுகிறது. ஆனால், நீந்திப் போனது என்பது வேறு, பிழைத்தது என்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் சில மணி நேரத்தை, சில நாட்களை எப்படி அளப்பது என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

நம் மலை ட்ரவுட் இந்த ஊர் மீன் அல்ல. 1860களில் மீனியல் ஆய்வாளர் ஃபிரான்சிஸ் டே முட்டைகளைக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. மதராஸ் அரசின் மீன்வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் காலத்தில், 1907ஆம் ஆண்டை ஒட்டி அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்த பிறகுதான் வானவில் ட்ரவுட் இங்கே நிலைத்தது. 1989இல் மீனியல் அறிஞர்கள் இந்த இனத்தைப் பசிபிக் சால்மன் மீன்களின் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ஆகவே கனடாவில் சால்மனை வைத்துச் செய்த ஆய்வுகள் நமக்கு அந்நியமானவை அல்ல. செய்முறையை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் மீனின் உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். முள் ஏறியதும் மீன் தன் வெள்ளைத் தசை முழுவதையும் முடுக்கி இழுக்கிறது. அந்த வேகத்துக்கு ஆக்சிஜன் போதாது. தசையில் சேமித்த சர்க்கரை தீர்ந்து, லாக்டிக் அமிலம் சேர்ந்து, இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. இது தெளியப் பல மணி நேரம் ஆகும். இந்த நிலையில் மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்கினால், செவுளின் மெல்லிய இதழ்கள் நனைந்த காகிதம் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூச்சு வாங்கவேண்டிய நேரத்தில் மூச்சு அடைபடுகிறது.

1992இல் வெளியான கனடிய ஆய்வு ஒன்று இதை எண்ணில் காட்டியது. வானவில் ட்ரவுட்களைத் தொட்டியில் துரத்திக் களைக்க வைத்தார்கள். களைக்க மட்டும் வைத்தவற்றில் 12 மணி நேரத்துக்குள் நூற்றுக்குப் பன்னிரண்டு இறந்தன. களைத்த பின் 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38. ஒரு நிமிடம் வைத்தவற்றில் 72. அந்த மீன்களுக்கு இரத்தம் எடுக்கக் குழாய் செருகியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதுவும் ஒரு பாரம்தான். இருந்தாலும், அரை நிமிடத்துக்கும் ஒரு நிமிடத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஒரு புகைப்படம் எடுக்கிற நேரம்.

இனி, எண்களை ஏன் அப்படியே எடுக்கக் கூடாது என்ற கேள்விக்கு வருகிறேன். நம் நீர்த்தேக்கங்கள் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. காற்றழுத்தம் குறைவு. 15 டிகிரி குளிர்ந்த தண்ணீர், கடல் மட்டத்தில் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். இங்கே அதே தண்ணீரில் 8 மில்லிகிராம்தான். வெயில் ஏறி 20 டிகிரி ஆனால் 7. சூடு கூடக்கூட மீனின் ஆக்சிஜன் தேவை ஏறும், தண்ணீரில் இருப்போ இறங்கும். மலைக் குளிர்தானே, மீனுக்கு நல்லதுதானே என்று நினைப்போம். ஏப்ரல் பிற்பகலில் கரையோர ஆழமற்ற நீரில் ஒரு வெப்பமானியை விட்டுப் பாருங்கள், அந்த நினைப்பு போய்விடும். 20 டிகிரியைத் தாண்டினால் விட்டுவிடும் நோக்கத்தோடு தூண்டில் போடுவதையே நிறுத்திவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆக, நமக்கு நம் தண்ணீரிலேயே எடுத்த கணக்கு வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லாத வழி, கூண்டு: தூண்டிலில் பிடித்த மீனை அதில் விட்டு, எத்தனை பிழைக்கின்றன என்று சில நாள் பார்ப்பது. முடிச்சில்லாத வலையால் ஒன்றரை மீட்டர் சதுரமும் இரண்டு மீட்டர் ஆழமும் உள்ள மிதவைக் கூண்டு போதும், ஒன்றில் பத்து மீன். முடிச்சுள்ள நைலான் வலை வேண்டாம், அது உடம்பின் வழும்பை உரசி எடுத்துவிடும். வழும்பு போன இடத்தில் சில நாளில் பஞ்சு ஒட்டியதுபோல் வெண்பூஞ்சை படரும். அப்புறம் சாவு தூண்டிலால் வந்ததா, வலையால் வந்ததா என்று பிரிக்க முடியாது. கூண்டைக் கரையில் முளையடித்துக் கட்டக் கூடாது. குந்தா மின் திட்டத்துக்காக நீர்மட்டம் ஏறி இறங்கும், கட்டிய கூண்டு தரைதட்டி நிற்கும். மேலே மூடி அவசியம், நீர்க்காகம் விடாது. நீர்நாய் அடியிலிருந்து கடிக்கும், எனவே அடிப்பகுதிக்கு இரட்டை வலை. தென்மேற்குப் பருவத்தில் இந்த வேலையே வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய பூமி இது.

கூண்டில் வைப்பதே மீனுக்கு ஒரு துன்பம். அதனால் தூண்டிலில் படாத மீன்களும் அதே கூண்டில் இருக்கவேண்டும். இவற்றை ஒப்பீட்டு மீன்கள் என்போம். பொரிப்பகத் தொட்டி மீனை இதற்கு எடுக்கக் கூடாது. அது கூட்டத்துக்கும் அடைப்புக்கும் பழகியது, கூண்டில் தெம்பாக இருக்கும், கணக்கு கெடும். பொறிவலையில் மெதுவாகப் பிடித்த ஏரி மீன்தான் சரி. முதுகுத் துடுப்புக்குப் பின்னால் உள்ள சிறிய கொழுப்புத் துடுப்பை வெட்டி அடையாளம் வைக்கலாம். ஒரு தொகுதிக்கு மட்டும் வெட்டினால் அந்தக் காயமே வேறுபாடாகிவிடும் என்பதால், அடுத்த கூண்டில் அடையாளத்தை மாற்றிப் போடவேண்டும். கணக்கு இப்படி: தூண்டிலில் பிடித்த நூறில் 80 பிழைத்து, ஒப்பீட்டு நூறில் 95 பிழைத்தால், எண்பதைத் தொண்ணூற்றைந்தால் வகுக்கவேண்டும். 84 விழுக்காடு வருகிறது. தூண்டிலின் பங்கு 16, இருபது அல்ல.

எத்தனை நாள் வைப்பது? இரத்தப் போக்கிலும் களைப்பிலும் சாகிறவை பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் சாகும். மூன்று நாள் வைத்தால் அந்தக் கணக்கு வந்துவிடும். பூஞ்சைச் சாவு அதற்குப் பிறகுதான் வரும், அதைப் பார்க்கப் பத்து நாளாவது வேண்டும். இரண்டையும் ஒரே எண்ணில் கலக்காமல் தனித்தனியே எழுதுவது நேர்மை.

எத்தனை மீன் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். முப்பது மீன் விட்டோம், ஒன்றும் சாகவில்லை என்று மகிழ்கிறோம். சாவு பூஜ்யமாக இருக்கும்போது மூன்றை மீன் எண்ணிக்கையால் வகுத்தால், உண்மையான சாவு அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பது ஏறக்குறையக் கிடைக்கும். முப்பதுக்கு அது நூற்றுக்குப் பத்து. நூற்றைம்பது மீனுக்கு நூற்றுக்கு இரண்டு. முப்பதை வைத்துக்கொண்டு ஆபத்தே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

குறிப்பேட்டைத் தூண்டில்காரர் எழுதக் கூடாது. பக்கத்தில் ஒருவர் நிறுத்து கடிகாரத்தோடு நிற்கவேண்டும். முள் ஏறிய நேரம், கைவலைக்கு வந்த நேரம், காற்றில் இருந்த விநாடிகள், மீன் இருந்த ஆழத்தின் வெப்பம், மீனின் நீளம், இரத்தம் கசிந்ததா வழிந்ததா, முள் எங்கே ஏறியது, எல்லாம் வேண்டும். முள் ஏறிய இடம்தான் இவற்றில் தலையானது. தாடை ஓரத்தில் ஏறிய மீன் பெரும்பாலும் பிழைக்கும். செவுளிலோ தொண்டையிலோ ஏறினால் சாவு மிக அதிகம். மண்புழு கோத்தால் மீன் அதை விழுங்கி முடித்த பிறகே நமக்குத் தெரிகிறது. இறகும் நூலும் கட்டிய செயற்கைப் பூச்சியை மீன் உடனே துப்பப் பார்க்கும், முள் உதட்டில் மாட்டும். இரையில் பிடித்த ட்ரவுட்களின் சாவு, செயற்கைப் பூச்சியில் பிடித்தவற்றைவிடப் பல மடங்கு என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. விழுங்கிய முள்ளைப் பிடுங்காதீர்கள், தூண்டில் நரம்பை, அதாவது முள் கட்டிய நூலை, வாயருகே வெட்டிவிடுங்கள். 1967இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆழத்தில் மாட்டிய முள்ளைப் பிடுங்கிய மீன்கள் ஏறக்குறைய எல்லாமே செத்தன. நரம்பை வெட்டி விட்டவற்றில் செத்தது மூன்றில் ஒரு பங்குதான்.

கையிலேயே செத்த மீனையும், மோசமாகக் காயம்பட்ட மீனையும் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும். பாவம், இது எதற்கு என்று ஒதுக்கிவிட்டால் மிச்சமிருப்பது நல்ல மீன்களின் கணக்கு மட்டுமே.

விடுவதற்கு முன் தண்ணீருக்குள்ளேயே இருபது விநாடியில் ஐந்து சோதனை செய்யலாம். மல்லாக்கத் திருப்பினால் மூன்று விநாடிக்குள் நிமிர்கிறதா? வாலைப் பிடித்தால் பாய்கிறதா? நடு உடலைப் பிடித்தால் வளைந்து திமிறுகிறதா? பக்கவாட்டில் சாய்த்தால் கண் மட்டம் பார்த்து உருள்கிறதா? செவுள் மூடி சீராக அடிக்கிறதா? எத்தனை தவறுகிறதோ அத்தனை மதிப்பெண். கூண்டில் சாகிறவை எந்த மதிப்பெண்ணோடு உள்ளே போனவை என்று பார்த்துவிட்டால், பிறகு கூண்டே இல்லாமல் கரையிலேயே ஒரு மதிப்பீடு செய்யலாம்.

சால்மன் ஆறுகளில் மீனுக்கு ரேடியோக் கருவி பொருத்திப் பின்தொடர்கிறார்கள். விட்ட மீன் உடனே மேலே ஏறாமல் சில கிலோமீட்டர் கீழே சரிந்து, சில நாள் தங்கிப் பின் ஏறுவது அப்படித்தான் தெரியவந்தது. நம் மீன்கள் சிறியவை. கருவி மீன் எடையில் இரண்டு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது வழக்கம், 300 கிராம் மீனுக்கு ஆறு கிராம். ஆழ்ந்த நீரில் ரேடியோ அலை மங்கும் என்பதால் நீர்த்தேக்கத்துக்கு ஒலிக் கருவியே நல்லது. நீர்நாய் தின்ற மீனின் கருவியும் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். அதை உயிருள்ள மீன் என்று எண்ணிவிடக் கூடாது.

மீன்வளத் துறை அனுமதியும் வனத் துறை அனுமதியும் கையில் வந்த பிறகே கூண்டு தண்ணீருக்குள் இறங்கலாம். ஜனவரிக் குளிரில் ஒரு தொகுதி, ஏப்ரல் வெயிலில் ஒரு தொகுதி. அதே தூண்டில், அதே முள், அதே ஆட்கள். வெப்பம் ஒன்றுதான் மாறவேண்டும்.