போச்சே: கடைசிப் பந்து வரை நீளும் ஆட்டம்

நேயர்களுக்கு வணக்கம். இத்தாலியில் மாலையானால் பெரியவர்கள் கூடி விளையாடும் போச்சே பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பார்க்கிறவர்களுக்கு ஏதோ பொழுதுபோக்கு மாதிரி தெரியும், ஆனால் விதி புரிந்துவிட்டால் கண்ணை எடுக்க முடியாது.

இரண்டு அணிகள், அணிக்கு நான்கு பந்துகள். அப்புறம் பல்லீனோ என்று எலுமிச்சம்பழ அளவில் ஒரு சின்னப் பந்து. காசு சுண்டி ஜெயித்த அணி பல்லீனோவை எறிந்துவிட்டு, தன் முதல் பந்தை அதன் பக்கத்தில் உருட்டிவிடும். அடுத்து எதிரணி.

இதற்குப் பிறகு ஆளுக்கு ஒன்றாக மாறி மாறி வீசுவது கிடையாது, அதுதான் இதன் அழகே. எந்த அணியின் பந்து பல்லீனோவிலிருந்து தள்ளி நிற்கிறதோ அந்த அணிதான், கிட்டே போகும் வரைக்கும் அல்லது கையிருப்பு தீரும் வரைக்கும், வீசிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே ஒரு நல்ல பந்தைக் கிட்டே வைத்துவிட்டால் போதும், எதிராளி தன் நான்கையும் அதற்கே செலவழித்துவிடுவார், உங்கள் கையில் இன்னும் மூன்று இருக்கும்!

ஒரு சுற்றில் ஒரு அணிக்குத்தான் புள்ளி. எதிரணியின் மிக நெருங்கிய பந்தைவிட உங்கள் பந்துகள் எத்தனை பல்லீனோவுக்குக் கிட்டே இருக்கின்றனவோ அத்தனை. பெரும்பாலும் 12 எடுத்தால் வெற்றி, சில இடங்களில் 13, 15 என்றும் ஆடுவார்கள். இரண்டு பந்தும் ஒரே தூரம் போலத் தெரிந்தால் ஆட்டம் நின்றுவிடும், எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள், அளவு நாடா வெளியே வரும். பல்லீனோவையே அடித்து நகர்த்தினாலும் தப்பில்லை. அதுவரை ஜெயித்துக்கொண்டிருந்தவர் ஒரே அடியில் தோற்கும் நிலைக்கு வந்துவிடுவார்.

வட இத்தாலியில், குறிப்பாகப் பியட்மான்ட் பக்கம், வோலோ என்றொரு வகை. உலோகப் பந்தை ஓடிவந்து காற்றில் வீசி எதிராளியின் பந்தைத் தட்டிவிடுவார்கள். புலம்பெயர்ந்த இத்தாலியர்கள் இந்த ஆட்டத்தை அமெரிக்கா, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா வரைக்கும் கொண்டுபோனார்கள்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த போச்சா 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. அதில் தோல் பந்துகள், பக்கத்துக்கு ஆறு. கையால் வீச முடியாத வீரர்கள் சாய்தளம் வைத்து உருட்டுவார்கள். அதைப் பிடித்து நகர்த்தும் உதவியாளர் களத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்ற முடிவெல்லாம் வீரருடையதுதான். இந்த விதியை வகுத்தவர்கள் மீது எனக்கு அவ்வளவு மரியாதை.